திறந்த கணைக்கால் எலும்பு முறிவில் தொற்றுத் தடுப்பு: வரலாறு

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள இரண்டு எலும்புகளில் பெரியது டிபியா. தமிழில் பொதுவாகக் கணைக்கால் எலும்பு என்பார்கள். இது முறியும்போது மேலுள்ள தோலும் கிழிந்து, முறிவு வெளிக்காற்றோடும் மண்ணோடும் தொடர்பு கொண்டால் அது திறந்த முறிவு. தோல் கிழியாமல் உள்ளேயே முறிந்தால் மூடிய முறிவு. இரண்டிலும் எலும்பு உடைவது ஒரே விதமாக இருக்கலாம். ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மூடிய முறிவு பெரும்பாலும் தானாகக் கூடியது, திறந்த முறிவு காலையோ உயிரையோ பறித்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடியதிலும், அதை இல்லாமலாக்க முயன்றதிலும் நவீன அறுவை மருத்துவத்தின் பெரும்பகுதி உருவானது.

கணைக்கால் எலும்பின் தனித்தன்மை

நீண்ட எலும்புகளில் அதிகமாகத் திறந்த முறிவுக்கு உள்ளாவது கணைக்கால் எலும்புதான். தொடை எலும்பைச் சுற்றித் தடித்த தசை உண்டு. கணைக்கால் எலும்பின் உட்புற முகப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முழங்கால் முதல் கணுக்கால் வரை அது தோலுக்கு நேர் கீழே இருக்கிறது. கையால் தடவினாலே எலும்பின் விளிம்பு தட்டுப்படும். ஆகவே மோதலின் வேகம் தோலைக் கிழிப்பதும், உடைந்த எலும்பு முனை தோலைத் துளைத்து வெளிவருவதும் எளிது.

அடுத்த சிக்கல் இரத்த ஓட்டம். எலும்புக்குள் நுழையும் தமனி ஒரு பங்கு இரத்தத்தைத் தருகிறது. மீதி சுற்றியுள்ள தசைகளிலிருந்தும் எலும்புறையிலிருந்தும் வருகிறது. கணைக்காலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தசை குறைந்து தசைநாண்களே மிஞ்சுவதால் அங்கு இரத்த வரத்து குறைவு. விபத்தில் எலும்புறை உரிந்துபோனால் எலும்புத் துண்டு உயிரிழக்கிறது. இரத்தம் செல்லாத இடத்துக்கு வெள்ளணுக்களும் செல்லா, ஊசியில் போட்ட மருந்தும் செல்லாது. மண்ணோடு உள்ளே போன கிருமி அங்கே தடையின்றிப் பெருகும்.

வெட்டி எடுப்பதே தீர்வாக இருந்த காலம்

கிருமி பற்றிய அறிவு இல்லாத காலத்தில் கடுமையான திறந்த முறிவுக்கு அறுவை மருத்துவர்கள் அறிந்த பாதுகாப்பான வழி, காலை உடனடியாக வெட்டி எடுப்பது. புண் சீழ்பிடித்து இரத்தத்தில் நஞ்சு ஏறுவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்பது பொது விதி. விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் புகழ்பெற்ற இரண்டு, நோயாளியே மருத்துவராக இருந்தவை.

பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே 1561-ல் குதிரை உதைத்துக் கணைக்காலின் இரண்டு எலும்புகளும் முறிந்து, தோலைக் கிழித்து வெளிவந்த நிலைக்கு ஆளானார். புண்ணை அகலப்படுத்தி எலும்புச் சில்லுகளை எடுக்கும்படி தன்னுடன் இருந்தவர்களிடம் அவரே சொன்னார். காய்ச்சலும் சீழும் வந்தன. கால் பிழைத்தது. பிற்பாடு இந்த அனுபவத்தைத் தன் நூலில் விரிவாக எழுதினார்.

லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1756-ல் குதிரையிலிருந்து விழுந்து கணைக்கால் முறிந்து கிடந்தார். முறையற்றுத் தூக்கினால் எலும்பு மேலும் தோலைக் கிழிக்கும் என்று அறிந்திருந்ததால் தன்னைத் தொடவிடவில்லை. பல்லக்குத் தூக்குபவர்களை வரவழைத்து, ஒரு கதவை விலைக்கு வாங்கி, அதில் அவர்களின் கழிகளை ஆணியடித்துப் பொருத்தச் சொல்லி, அதன்மேல் படுத்தபடி வீடு சென்றார். காலை வெட்டக் கூடியிருந்த மருத்துவர்கள் கருவிகளை எடுத்து வைத்துவிட்டனர். அந்நேரம் வந்து சேர்ந்த அவருடைய பழைய ஆசிரியர் எட்வர்ட் நோர்ஸ், காலைக் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். கால் பிழைத்தது. ஆடாமல் வைத்திருப்பதும் சிகிச்சைதான் என்பதைப் பாட்டின் கதவு காட்டியது. ஆனால் இவர்கள் ஏன் பிழைத்தார்கள், மற்றவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதற்கு யாரிடமும் விளக்கம் இல்லை.

லிஸ்டரும் கார்பாலிக் அமிலமும்

விளக்கத்தைத் தேடியவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராக இருந்த ஜோசப் லிஸ்டர். காற்றே புண்ணை அழுக வைக்கிறது என்று அன்று நம்பினர். லூயி பாஸ்டரின் ஆய்வுகளை வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன் லிஸ்டருக்கு அறிமுகம் செய்தார். நொதித்தலும் அழுகலும் காற்றால் நிகழ்வன அல்ல, காற்றில் வரும் நுண்ணுயிர்களால் நிகழ்வன என்று பாஸ்டர் காட்டியிருந்தார். அப்படியானால் தோல் என்பது நுண்ணுயிர்களுக்கு எதிரான சுவர். அது உடைந்த இடத்தில் வேதிப்பொருளால் இன்னொரு சுவர் எழுப்பலாம் என்று லிஸ்டர் எண்ணினார். கார்லைல் நகரில் சாக்கடைக் கழிவின் நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் பயன்பட்டதை அவர் அறிந்திருந்தார். அதையே தேர்ந்தெடுத்தார்.

தன் கருத்தைச் சோதிக்க லிஸ்டர் எடுத்துக்கொண்டது திறந்த எலும்பு முறிவு. மூடிய முறிவுக்கும் இதற்கும் உள்ள ஒரே வேறுபாடு தோல் என்பதால், சோதனையின் முடிவு தெளிவாகத் தெரியும். 1865 ஆகஸ்ட் 12 அன்று ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவன் வண்டிச் சக்கரம் இடது கணைக்காலில் ஏறிய நிலையில் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைப் புண்ணின் மேல் வைத்து, காலை மட்டைகளால் கட்டினார்கள். நான்கு நாட்கள் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது சீழின் நாற்றம் இல்லை. ஆறு வாரங்களில் எலும்பு கூடியது.

1867-ல் லான்செட் இதழில் லிஸ்டர் தன் முடிவுகளைத் தொடர் கட்டுரையாக வெளியிட்டார். அதில் 11 திறந்த முறிவுகள் விவரிக்கப்பட்டன. ஒன்பது பேர் காலோடு பிழைத்தனர், ஒருவருக்குக் கால் எடுக்கப்பட்டது, ஒருவர் இறந்தார். தன் பிரிவில் உறுப்பு நீக்க அறுவை செய்துகொண்டவர்களின் கணக்கையும் பின்னர் அவர் வெளியிட்டார். புதிய முறைக்கு முன் 35 பேரில் 16 பேர் இறந்தனர். பின் 40 பேரில் 6 பேர் இறந்தனர். இந்தக் கருத்தை ஏற்பதற்குப் பிரிட்டிஷ் மருத்துவ உலகம் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. கார்பாலிக் அமிலம் கிருமியோடு உயிருள்ள தசையையும் எரித்தது. காலப்போக்கில் புண்ணில் கிருமியைக் கொல்வதை விட, கருவியும் கையும் துணியும் கிருமியின்றி இருக்கச் செய்வது மேல் என்று அறுவை மருத்துவம் திரும்பியது.

போர்க்களம் கற்பித்தது

கிருமி நீக்கிய அறுவை அரங்கு, மருத்துவர் உண்டாக்கும் தொற்றைத் தடுத்தது. விபத்திலேயே உள்ளே போய்விட்ட கிருமியை அது ஒன்றும் செய்யவில்லை. 1898-ல் ஜெர்மானிய மருத்துவர் பால் லியோபோல்ட் ஃபிரீட்ரிஷ் கினிப்பன்றிகளின் புண்களில் தோட்ட மண்ணையும் வீட்டுத் தூசியையும் இட்டுச் சோதித்தார். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் புண்ணின் விளிம்பை வெட்டி நீக்கினால் விலங்கு பிழைத்தது; தாமதமானால் தொற்று பரவியது. திறந்த முறிவை ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்ய வேண்டும் என்ற விதியின் வேர் இந்தச் சோதனை.

முதல் உலகப் போரில் பெல்ஜியம், பிரான்சு நாடுகளின் எருவிட்ட வயல்களில் வீரர்கள் காயம்பட்டு விழுந்தனர். குதிரைச் சாணத்திலுள்ள கிருமிகள் புண்ணுக்குள் சென்று வாயு அழுகல் நோயையும் ரணஜன்னியையும் உண்டாக்கின. பூலோன் நகரில் போர் ஆய்வகத்தில் பணிபுரிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், கண்ணாடிக் குழாயை உருக்கிப் பல கிளைகள் இழுத்து ஒரு செயற்கைப் புண்ணைச் செய்தார். கிருமிநாசினியை ஊற்றிக் கழுவினாலும் கிளைகளின் நுனியிலுள்ள கிருமி பிழைத்துக்கொள்வதை அதன்மூலம் காட்டினார். ஆழமான புண்ணில் கிருமிநாசினி வெள்ளணுக்களைக் கெடுத்து, கிருமிக்கு உதவி செய்வதையும் அவர் கண்டார்.

லா பான் கடற்கரை மருத்துவமனையில் பெல்ஜிய மருத்துவர் அந்துவான் தெபாஜ் வேறொரு வழியை வலுப்படுத்தினார். செத்த தசை, துணி, மண், உயிரற்ற எலும்புச் சில்லு அனைத்தையும் கத்தியால் நீக்கி, புண்ணைத் திறந்தே வைத்து, கிருமி குறைந்ததை நுண்ணோக்கியில் உறுதி செய்தபின் தைப்பது அவர் முறை. டிப்ரைட்மெண்ட் என இன்று எல்லா மருத்துவமனைகளிலும் வழங்கும் சொல்லின் நடைமுறைப் பொருள் இதுதான். கிருமிக்கு உணவாகும் செத்த திசுவை எடுத்துவிட்டால், மீதிக் கிருமியை உடலே அழித்துவிடும்.

இம்முறையின் பலன் ஸ்பானிய உள்நாட்டுப் போரில் வெளிப்பட்டது. பார்சிலோனா மருத்துவர் ஜோசப் துருவேத்தா புண்ணைக் கழுவி, செத்த திசுவை வெட்டி, உள்ளே மெல்லிய துணியை அடைத்து, மாவுக்கட்டால் முழுக்க மூடி, வாரக்கணக்கில் அப்படியே விட்டார். மாவுக்கட்டிலிருந்து வந்த நாற்றம் சகிக்க முடியாதது. ஆனால் உள்ளே சதை வளர்ந்தது. இப்படி மருத்துவம் பெற்ற 1,073 பேரில் இறந்தவர்கள் 6 பேர் மட்டுமே என்று அவர் அறிவித்தார். பென்சிலின் புழக்கத்துக்கு வருவதற்கு முன் கிடைத்த முடிவு இது. போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த துருவேத்தா 1939-ல் இங்கிலாந்து சென்றார். பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் எலும்பியல் பேராசிரியரானார்.

நுண்ணுயிர் எதிர்ப்பியும் வகைப்பாடும்

இரண்டாம் உலகப் போரின்போது பென்சிலின் வந்தது. திறந்த முறிவுக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதை முறையாக அளந்த ஆய்வு 1974-ல்தான் வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் மைக்கேல் பட்சாகிஸும் அவர் குழுவினரும் நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தனர். மருந்து பெறாதவர்களில் 13.9 விழுக்காடு, பென்சிலினும் ஸ்டிரெப்டோமைசினும் பெற்றவர்களில் 9.7 விழுக்காடு, செஃபலோத்தின் பெற்றவர்களில் 2.3 விழுக்காடு தொற்று ஏற்பட்டது. மருந்து கொடுப்பதோடு, ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை எதிர்க்கும் சரியான மருந்தைக் கொடுப்பதும் முக்கியம் என்பது இதனால் தெளிவானது.

1976-ல் மினியாபொலிஸ் நகரில் பணியாற்றிய ரமோன் குஸ்டிலோவும் ஜான் ஆண்டர்சனும் 1,025 திறந்த முறிவுகளை ஆராய்ந்து ஒரு வகைப்பாட்டை முன்வைத்தனர். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான தூய்மையான புண் முதல் வகை. அதைவிடப் பெரிய, ஆனால் தசை அதிகம் சிதையாத புண் இரண்டாம் வகை. தசையும் தோலும் பெருமளவு சிதைந்தது மூன்றாம் வகை. பழைய முறைகளில் மூன்றாம் வகை முறிவுகளில் 44 விழுக்காடு தொற்றுக்கு உள்ளாகியிருந்தன. புதிய நெறிமுறையைப் பின்பற்றிய காலத்தில் அது 9 விழுக்காடாகக் குறைந்தது.

1984-ல் குஸ்டிலோ மூன்றாம் வகையை மூன்றாகப் பிரித்தார். எலும்பை மூடத் தசையும் தோலும் மிஞ்சியிருப்பது அ பிரிவு, எலும்புறை உரிந்து எலும்பு வெளியே தெரிவது ஆ பிரிவு, பழுது பார்க்க வேண்டிய தமனிக் காயமும் சேர்ந்தது இ பிரிவு. அ பிரிவில் 4 விழுக்காடு மட்டுமே தொற்று கண்டபோது ஆ பிரிவில் 52 விழுக்காடு தொற்று கண்டது. எலும்பு எத்தனை துண்டாக உடைந்தது என்பதைவிட, அதை மூட என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே விதியைத் தீர்மானிக்கிறது என்பதை இந்த இரு எண்களும் காட்டின.

உலோகம் எழுப்பிய கேள்வி

எலும்பை நிலைநிறுத்த உள்ளே உலோகம் வைப்பது நெடுங்காலம் அச்சத்தோடு பார்க்கப்பட்டது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1957-ல் எலெக், கோனன் ஆகியோர் மனிதத் தோலில் நடத்திய சோதனையில், சீழ் உண்டாக்கப் பத்து லட்சங்களில் தேவைப்பட்ட ஸ்டஃபைலோகாக்கஸ், ஒரு பட்டு நூல் தையல் இருந்தால் சில நூறு போதும் என்று தெரிந்தது. அந்நியப் பொருளின் பரப்பில் கிருமிகள் ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றிப் படலம் கட்டிக்கொள்கின்றன. அந்தப் படலத்துக்குள் மருந்து எளிதில் செல்வதில்லை.

மறுபக்கம், ஆடிக்கொண்டே இருக்கும் எலும்பு முனைகள் தசையை மேலும் கிழிக்கின்றன, புதிதாக முளைக்கும் இரத்தக் குழாய்களை அறுக்கின்றன. நிலையற்ற முறிவில் தொற்று அதிகம் என்பது விலங்குச் சோதனைகளிலும் உறுதியானது. ஆகவே உலோகத்தின் தீமையையும் நிலைப்பின் நன்மையையும் எடை போட வேண்டியிருந்தது. தோலுக்கு வெளியே சட்டம் அமைத்து, ஊசிகள் மட்டும் எலும்புக்குள் செல்லும் வெளிப்பொருத்தி முதல் சமரசமாக அமைந்தது. அதில் ஊசித் துளைகளில் தொற்று வருவதும் எலும்பு வளைந்து கூடுவதும் குறைகள். பின்னர் எலும்பின் நடுக்குழியில் செலுத்தும் ஆணி பரவலாயிற்று. இருந்தாலும் வெளிப்பொருத்தி வழக்கொழியவில்லை. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் 240 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வு, ஆணிக்கும் வெளிப்பொருத்திக்கும் இடையே மறு அறுவை, ஆழ்ந்த தொற்று போன்ற முதன்மை விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை.

மூடுவதற்கான போட்டி

யூகோஸ்லாவியாவின் லியூப்லியானா நகரைச் சேர்ந்த மார்கோ கொடினா, உடலின் வேறிடத்திலிருந்து தசையை இரத்தக் குழாயோடு எடுத்து, நுண்ணோக்கியின் உதவியால் காலிலுள்ள குழாயோடு தைத்துப் புண்ணை மூடினார். 532 நோயாளிகளின் முடிவுகள் 1986-ல் வெளியாயின. 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் 1.5 விழுக்காடு தொற்று கண்டது. 72 மணி நேரத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில் மூடியவர்களில் அது 17.5 விழுக்காடு. அதே ஆண்டு கொடினா கார் விபத்தில் இறந்தார். எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து திட்டமிட வேண்டும் என்ற இன்றைய நடைமுறைக்கு அவர் பணி அடித்தளம்.

இந்தக் கூட்டு முறை கோயம்புத்தூரில் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தது. கங்கா மருத்துவமனையில் எலும்பியல் பிரிவை எஸ். ராஜசேகரனும், பிளாஸ்டிக் அறுவைப் பிரிவை அவர் சகோதரர் எஸ். ராஜசபாபதியும் வழிநடத்தினர். குஸ்டிலோ வகைப்பாட்டின் மூன்றாம் வகை ஆ பிரிவு மிகப் பரந்தது; எளிதில் காக்கக்கூடிய காலும் காக்கவே முடியாத காலும் அதில் அடங்கின. இதற்கு மாற்றாக 2006-ல் ராஜசேகரன் குழு ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகிய மூன்றுக்கும் சிதைவின் அளவுக்கேற்ப ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் தரப்படும். சர்க்கரை நோய், மாசுபட்ட புண், தாமதமான வருகை போன்ற ஒவ்வொரு பாதகத்துக்கும் இரண்டு மதிப்பெண் சேரும். மொத்தம் 14 அல்லது அதற்குக் குறைவானால் காலைக் காக்க முயலலாம். 17 அல்லது அதற்கு மேலானால் பெரும்பாலும் நீக்க வேண்டிவரும். இடைப்பட்டவற்றில் அனுபவமும் நோயாளியின் சூழலும் முடிவு செய்யும். காலைக் காக்க ஓராண்டுக்கும் மேல் பல அறுவைகள் செய்து, கடைசியில் வெட்ட நேர்ந்தால், குடும்பம் காலோடு சேமிப்பையும் இழக்கிறது. முதல் நாளிலேயே எடுக்கப்படும் சரியான முடிவின் மதிப்பு இதில் இருக்கிறது.

பழைய விதிகளின் மறு சோதனை

21-ஆம் நூற்றாண்டில், வழிவழியாகப் பின்பற்றிய பல பழக்கங்கள் பெரிய ஆய்வுகளில் சோதிக்கப்பட்டன. ஃபிரீட்ரிஷின் கினிப்பன்றிகளிலிருந்து வந்த ஆறு மணி நேர விதிக்கு, 3,539 திறந்த முறிவுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. அனுபவமுள்ள குழு பகலில் செய்யும் முழுமையான அறுவை, நள்ளிரவில் அவசரமாகச் செய்யும் அரைகுறை அறுவையைவிட மேலானது என்ற கருத்து வலுப்பெற்றது. சாக்கடையோ சாணமோ கலந்த புண்ணும், இரத்த ஓட்டம் நின்ற காலும் இதற்கு விலக்கு. அவை உடனடி அறுவையை வேண்டுபவை. நேரம் உண்மையில் முக்கியமானது மருந்தில். மூன்றாம் வகைக் கணைக்கால் முறிவுகளில் நுண்ணுயிர் எதிர்ப்பி 66 நிமிடத்துக்கு மேல் தாமதமானபோது தொற்று கூடியதை 2015-ல் ஓர் ஆய்வு காட்டியது.

புண்ணைக் கழுவும் முறையும் சோதனைக்கு வந்தது. அழுத்தத்தோடு பீய்ச்சினால் அழுக்கு நன்றாகப் போகும், சோப்பு சேர்த்தால் இன்னும் நல்லது என்று பலர் நம்பினர். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில் 2,447 நோயாளிகளின் முடிவுகள் ஆராயப்பட்டன. அழுத்தம் அதிகமோ குறைவோ, மறு அறுவை விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. சோப்பில் கழுவியவர்களில் 14.8 விழுக்காட்டினருக்கும், உப்புநீரில் கழுவியவர்களில் 11.6 விழுக்காட்டினருக்கும் மறு அறுவை தேவைப்பட்டது. உயரத்தில் தொங்கவிட்ட உப்புநீர்ப் பையும் குழாயும் போதும் என்பது, விலையுயர்ந்த கருவி வாங்க இயலாத மருத்துவமனைகளுக்கு நல்ல செய்தி.

புண்ணின் மேல் உறிஞ்சு அழுத்தம் தரும் கட்டும் இவ்வாறே அளக்கப்பட்டது. பிரிட்டனில் கடுமையான திறந்த முறிவுள்ள 460 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், ஆழ்ந்த தொற்று 7.1 விழுக்காடு, சாதாரணக் கட்டில் 8.1 விழுக்காடு. இது குறிப்பிடத்தக்க வேறுபாடு அல்ல. அறுவைக்கு முன் தோலில் தடவும் போவிடோன் அயோடின், குளோர்ஹெக்சிடின் நீர்க் கரைசல்களை 1,638 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஆய்விலும் இரண்டிலும் தொற்று 7 விழுக்காடுதான்.

இன்றைய நிலை

ஒன்றரை நூற்றாண்டுத் தேடலின் பின் நிலைத்து நிற்பவை சில எளிய செயல்கள். விபத்து நடந்த இடத்திலேயே புண்ணைத் தூய துணியால் மூடி, காலை ஆடாமல் மட்டைகட்ட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர் எதிர்ப்பியும் ரணஜன்னித் தடுப்பும் தர வேண்டும். செத்த திசுவை மிச்சமின்றி நீக்கி, நிறைய உப்புநீரில் கழுவ வேண்டும். எலும்பை உறுதியாக நிறுத்தி, சில நாட்களுக்குள் உயிருள்ள திசுவால் மூட வேண்டும். இவற்றில் கடைசிச் செயலுக்குப் பயிற்சி பெற்ற கைகளும் நீண்ட அறுவை நேரமும் தேவை; சிறு நகரங்களில் அவை கிடைப்பது அரிது. மற்றவை பெரிய கருவிகளைக் கேட்பதில்லை. ஆயினும் சாலை விபத்தில் அடிபட்ட ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளைத் தாண்டியே அறுவை அரங்கை அடைய நேர்வதுண்டு. அந்த வழியில் முதலில் சந்திக்கும் சிறிய மருத்துவமனையிலேயே ஊசி போடப்பட்டு, புண் மூடப்பட்டால், லிஸ்டர் காலத்தில் சிறுவனுக்குக் கிடைத்த வாய்ப்பைவிடப் பெரிய வாய்ப்பு அவர் காலுக்கு இருக்கிறது.